"எம், கே, அரைப்புள்ளி": தமிழ்ப் பக்கத்தைப் படியெடுக்க, வாசித்துக் கேட்க, தட்டச்சிட இலவச வழிகள்

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கும் என் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கண் நீரழுத்த நோயால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கிய பிறகும், தனக்கு வரும் கடிதத்தை இன்னொருவர் வாசித்துச் சொல்வதை அவர் விரும்புவதில்லை. ஓய்வூதியம் பற்றி ஓர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் கடிதம் வந்தது. கணினியில் திரைவாசிப்பானை (திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருளை) இயக்கிக் கோப்பைத் திறந்தேன். கேட்டது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. தகரக் கூரையில் மழை இறங்கியது போல ஓர் இரைச்சல். அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து பார்த்தேன். 'ஐயா / அம்மா' என்று தொடங்கிய வரியில், என் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிந்த இடத்தில், கணினி நிதானமாகச் சொன்னது: "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்."

"இதென்ன மகன், எனக்கு இங்கிலீசு பாடம் எடுக்கிறதா?" என்றார் பெரியம்மா.

கடிதம் பாமினி எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டிருந்தது. உள்ளே ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி. கண்ணால் பார்ப்பவருக்கு முகமூடி போதும். காதால் வாசிப்பவருக்கு உள்ளே இருப்பதுதான் கேட்கும்.

கண் மங்கியவர்கள், கை நடுங்குபவர்கள், எழுத்துகள் குழம்பித் தெரியும் பிள்ளைகள், நீண்ட கோப்பை வாசிக்க நேரமில்லாமல் கேட்டுக்கொண்டே சமைக்க நினைப்பவர்கள் என எல்லோருக்கும் உதவும் மென்பொருள்கள் இலவசமாகவே இருக்கின்றன. அவற்றை நிறுவுவது அரை மணி நேர வேலை. ஆனால் நம் பக்கத்தில் பலர் நிறுவிவிட்டு, "தமிழுக்கு இது சரிவராது" என்று இரண்டாம் நாளே கைவிடுகிறார்கள். கைவிட வைத்தது பெரும்பாலும் அவர்கள் திறந்த கோப்பு. அதனால் இந்த வழிகாட்டி கோப்பைச் சோதிப்பதில் தொடங்குகிறது.

கையில் இருப்பது எந்த வகைப் பக்கம்?

உங்களுக்கு வந்த பக்கம் மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும்: படம், பழைய எழுத்துரு, யூனிக்கோடு (கணினி தமிழைத் தமிழாகவே அறியும் உலகப் பொது முறை). கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்.

முதலில், பக்கத்தில் ஒரு வரியின் மேல் மவுஸை அழுத்தி இழுங்கள். எழுத்துகள் நிறம் மாறித் தெரிவாகவில்லை என்றால் அது படம். ஸ்கேன் செய்த வினாத்தாள், வாட்ஸ்அப்பில் வரும் அறிவித்தல், போனில் எடுத்த கடிதம் எல்லாம் இந்த வகை.

தெரிவாகிறது என்றால், கன்ட்ரோல்+சி கொடுத்துப் பிரதி எடுங்கள். நோட்பேடைத் திறந்து கன்ட்ரோல்+வி கொடுத்து ஒட்டுங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டினால் அது பாமினி அல்லது அதைப் போன்ற பழைய எழுத்துரு. தமிழாகவே நின்றால் யூனிக்கோடு; உங்களுக்கு வேலை பாதி முடிந்தது.

நான்காவதாக ஒரு குறும்பும் உண்டு. சில பிடிஎஃப் கோப்புகளில் ஒட்டினால் தமிழ்தான் வரும், ஆனால் கொம்பு இடம் மாறி நிற்கும். 'கொக்கட்டிச்சோலை' என்ற சொல் 'ெகாக்கட்டிச்ேசாைல' என்று வந்து விழும். இதைக் கையால் திருத்த உட்காராதீர்கள். அந்தக் கோப்பைப் படமாகவே எண்ணி, அடுத்த பகுதியில் சொல்வது போல, படத்தில் இருக்கும் எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரிக்குக் கொடுங்கள். அது சுத்தமாக வரும்.

யூனிக்கோடு என்பது புதிதாக வந்த ஒன்றல்ல. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் நம் தட்டச்சுக் கடைகளிலும் பல அலுவலகங்களிலும் பாமினி சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பழக்கம். விரல் பழகிய பழக்கத்தை விடாமலே இதிலிருந்து வெளியேற வழி இருக்கிறது. தட்டச்சுப் பகுதியில் வருகிறேன்.

படத்திலிருந்து எழுத்தை எடுப்பது

ஒன்றிரண்டு பக்கங்கள்தான் என்றால் போன் போதும். கூகுள் லென்ஸைத் திறந்து தாளின் நேர் மேலே பிடித்துப் படம் எடுங்கள். எழுத்தைத் தெரிவு செய்யும் வசதியை அழுத்தினால் தமிழ் வரிகள் தெரிவாகும். பிரதி எடுத்து வேண்டிய இடத்தில் ஒட்டலாம். கூகுள் கீப்பில் ஒரு குறிப்பாக ஒட்டினால், அதே கணக்கில் நுழைந்த கணினியிலும் அது தோன்றும். கேபிள் தேடி வீட்டைப் புரட்ட வேண்டியதில்லை.

படம் எடுக்கும் விதத்தில்தான் முக்கால்வாசி வெற்றி இருக்கிறது. மின்குமிழின் கீழ் உட்கார்ந்தால் உங்கள் தலையின் நிழலே தாளில் விழும். காலை வெயிலில் ஜன்னல் ஓரம் போங்கள். தாளை மேசையில் தட்டையாக விரியுங்கள். நாலாக மடித்த கடிதமென்றால் மடிப்புக் கோட்டில் இருக்கும் வரி நிச்சயம் பிழைக்கும். மேலே ஒரு கண்ணாடித் தட்டை வைத்து அழுத்திக்கொள்ளலாம், ஆனால் வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்காமல் பார்க்க வேண்டும். பார்வை இல்லாதவர் தாமாகவே எடுப்பதானால், தாளின் மேல் விளிம்பை மேசை விளிம்போடு ஒட்டி வைத்து, இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றிப் போனைப் பிடித்தால் கோணம் பெரும்பாலும் தவறாது. பெரியம்மா இப்படித்தான் எடுக்கிறார்.

பக்கங்கள் அதிகம் என்றால் கூகுள் டிரைவ் நல்லது. செய்முறை இது:

1. கணினியில் டிரைவைத் திறந்து படத்தையோ பிடிஎஃப் கோப்பையோ ஏற்றுங்கள். 2 எம்பிக்குள் இருப்பது நல்லது.
2. ஏற்றிய கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, 'ஓப்பன் வித்' என்பதில் 'கூகுள் டாக்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள்.
3. புதிய ஆவணம் திறக்கும். படமென்றால் மேலே உங்கள் படமும், கீழே அதிலிருந்து எடுத்த எழுத்தும் இருக்கும். மேலே படத்தைக் கண்டதும் "ஒன்றும் நடக்கவில்லை" என்று மூடிவிடாதீர்கள், கீழே உருட்டுங்கள்.

பெரிய பிடிஎஃப் கோப்பைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து ஏற்றுங்கள். பிரிக்கத் தனி மென்பொருள் தேவையில்லை. எட்ஜ் உலாவியில் கோப்பைத் திறந்து, அச்சிடும் கட்டளையில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தெரிவு செய்து, பக்க எண்ணில் 1-10 என்று கொடுத்தால் அந்தப் பத்துப் பக்கம் தனிக் கோப்பாகிவிடும்.

அட்டவணை, இரண்டு பத்திகளாக அச்சான பக்கம் ஆகியவற்றில் வரிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்படியான பக்கத்தை ஒரு பத்தி மட்டும் தெரியும்படி வெட்டிய பிறகு கொடுங்கள்.

தேசிய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை போன்றவற்றை இணையத்துக்கு அனுப்ப எனக்கு மனம் ஒப்புவதில்லை. அவற்றுக்குக் கணினிக்குள்ளேயே வேலை செய்யும் 'ஜிஇமேஜ்ரீடர்' இருக்கிறது. இதன் உள்ளே ஓடுவது 'டெசராக்ட்' என்ற எழுத்துணரி. எச்பி நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1980களில் பிறந்து, 2005இல் திறந்த மூல மென்பொருளாகி, பிறகு கூகுளின் ஆதரவில் வளர்ந்தது. நிறுவிய பிறகு மொழிப் பட்டியலில் 'மேனேஜ் லாங்வேஜஸ்' என்பதற்குள் போய்த் தமிழை ஒருமுறை தரவிறக்குங்கள். அதன்பின் இணையம் வேண்டாம்: படத்தைத் திற, மொழியில் தமிழைத் தெரிவு செய், 'ரெகக்னைஸ்' பொத்தானை அழுத்து. வாவியைத் தாண்டிப் படுவான்கரைப் பக்கம் வீடு இருப்பவர்கள் நகரத்துக்கு வரும் நாளில் இதைத் தரவிறக்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். அங்கே சில இடங்களில் சிக்னல் கோடு ஒன்று வருவதும் போவதுமாக இருக்கிறது.

விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் எழுத்துணரியை நம்பித் தமிழுக்கு நேரம் செலவிடாதீர்கள். பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் இலவசத் துணைக்கருவித் தொகுப்பில் உள்ள 'டெக்ஸ்ட் எக்ஸ்ட்ராக்டர்' அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆங்கிலத்துக்கு அருமையான கருவி. தமிழ் அதற்குத் தெரியாது.

எந்த எழுத்துணரி என்றாலும் பிழை வரும். முதலில் பார்க்க வேண்டியவை துணைக்கால் 'ர' ஆக மாறிய இடங்கள், புள்ளி தொலைந்த மெய்கள், எண்கள். எண்களை மட்டும் மூலத்தோடு இரண்டு முறை ஒப்பிடுங்கள். 3 என்பது 8 ஆகிவிட்டால் கணக்கிலக்கம் வேறொருவருடையது ஆகிவிடும். பழைய நூல்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் முன் அச்சானவற்றில் லை, னை போன்றவை தும்பிக்கை வைத்த பழைய வடிவில் இருக்கும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் ஸ்கேன் படங்களாகக் கிடைக்கின்றன. அவற்றில் பழையது ஒன்றை எழுத்தாக்கப் போகிறவர்கள் பக்கத்துக்குப் பக்கம் இந்தத் தும்பிக்கைகளைத் தேடித் திருத்தத் தயாராக இருங்கள்.

பாமினியிலிருந்து மீட்பது

இதற்குப் படம் எடுக்கத் தேவையில்லை. எழுத்துரு மாற்றி ஒன்று போதும். என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசம்; கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். உலாவியிலேயே மாற்றித் தரும் பக்கங்களும் பல இருக்கின்றன. எல்லாவற்றிலும் முறை ஒன்றுதான்: பாமினி எழுத்தை ஒட்டு, மூலம் பாமினி என்று தெரிவு செய், இலக்கு யூனிக்கோடு என்று தெரிவு செய், மாற்று.

மாற்றும்போது நடக்கும் ஒரு விபத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால், மாற்றி அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும். மின்னஞ்சல் முகவரி இருந்த இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல் முளைத்திருக்கும். அதனால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். ஆங்கிலம் வரும் வரிகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் மாற்றுங்கள். அட்டவணை என்றால் கட்டம் கட்டமாக மாற்றுங்கள். வேர்டில் திரும்ப ஒட்டிய பிறகு எழுத்துருவை லதா, நிர்மலா யூஐ, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவற்றில் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

பிடிஎஃப் மட்டும் கையில் இருந்து அது தொல்லை கொடுத்தால், அனுப்பியவரிடம் வேர்ட் கோப்பையே கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட மூன்று இடங்களில் இரண்டில் தந்தார்கள். மூன்றாவது இடத்தில் "அது எதற்கு, கண்ணாடி போட்டு வாசியுங்கள்" என்றார்கள்.

வாசித்துக் கேட்பது

எழுத்து யூனிக்கோடு ஆகிவிட்டால் வாசிக்க வைப்பது மிகவும் இலகு. யாருக்கு எவ்வளவு பார்வை இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கருவி மாறும்.

ஓரளவு பார்வை இருப்பவர்களுக்கும் கேட்டுப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் கணினியில் எட்ஜ் உலாவியே போதும். இணையப் பக்கத்தையோ எழுத்துள்ள பிடிஎஃப் கோப்பையோ அதில் திறந்து கன்ட்ரோல்+ஷிஃப்ட்+யு அழுத்துங்கள். மேலே வரும் பட்டையில் குரல் அமைப்பைத் திறந்தால் தமிழுக்குப் பல குரல்கள் தெரியும். அவற்றில் இலங்கைத் தமிழுக்கென்று சரண்யா, குமார் என இரண்டு குரல்கள் இருக்கின்றன. இயந்திரம் என்று சொன்னால்தான் தெரியும் அளவுக்கு இயல்பானவை. இந்தக் குரல்களுக்கு இணையம் வேண்டும். வாசிக்கும் சொல் திரையில் நிறமேறி நகர்வதால், எழுத்துகள் குழம்பித் தெரியும் பிள்ளைக்குக் காதும் கண்ணும் ஒன்றாகப் போகும். இணையக் கட்டுரை என்றால் எஃப்9 அழுத்தி 'இம்மர்சிவ் ரீடர்' காட்சிக்குப் போகலாம். விளம்பரங்கள் மறைந்து, எழுத்தைப் பெரிதாக்கவும், பின்னணி நிறத்தை மாற்றவும், ஒரு வரி அல்லது மூன்று வரி மட்டும் தெரியும்படி மற்றதை இருட்டாக்கவும் அங்கே வசதி உண்டு. பாடப் பக்கத்தைப் பார்த்தாலே எழுந்து ஓடும் பிள்ளைக்கு இந்த மூன்று வரி ஜன்னலை ஒருமுறை காட்டிப் பாருங்கள்.

ஆன்ட்ராய்டு போனில் செய்ய வேண்டியவை:

1. அமைப்புகளுக்குள் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று தேடுங்கள். போன் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மெனு மாறுவதால் தேடல் பெட்டிதான் குறுக்குவழி.
2. கூகுளின் குரல் இயந்திரத்தைத் தெரிவு செய்து, பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியை அழுத்தி, குரல் தரவுகளில் தமிழைத் தரவிறக்குங்கள். இதைச் செய்துவிட்டால் டேட்டா தீர்ந்த நாளிலும் போன் வாசிக்கும்.
3. அணுகல் வசதிகளில் 'செலக்ட் டு ஸ்பீக்' என்பதை இயக்குங்கள். திரை ஓரத்தில் சிறு குறி ஒன்று வரும். அதைத் தொட்டு, பிறகு வாசிக்க வேண்டிய பகுதியைத் தொட்டால் வாசிக்கும்.

வேகத்தை முதல் நாள் குறைத்து வையுங்கள். காது பழகியதும் தானாகவே கூட்டச் சொல்வார்கள். பார்வையே இல்லாதவர்களுக்குப் போன் முழுவதையும் பேச வைக்கும் 'டாக்பேக்' தேவை. அதில் தொடுகை முறையே மாறிவிடும்: ஒருமுறை தொட்டால் சொல்லும், இருமுறை தட்டினால் திறக்கும். வீட்டில் யாராவது விளையாட்டாக இயக்கிவிட்டு "போன் பழுதாகிவிட்டது" என்று கடைக்கு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஒலியளவுப் பொத்தான்கள் இரண்டையும் ஒன்றாக மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் அது இயங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும்.

கணினியில் பார்வையற்றவர்களின் வலதுகை என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கியது. இன்னொரு பார்வையற்ற நிரலாளர் ஜேம்ஸ் தே பிறகு சேர்ந்துகொண்டார். காசு கொடுத்து வாங்கும் திரைவாசிப்பான்களின் விலை கணினியின் விலையைத் தாண்டிய காலத்தில், காசே இல்லாமல் கொடுத்தார்கள். இதன் மெனுக்கள் தமிழிலும் இருக்கின்றன.

அதை வெளியிடும் என்வி அக்சஸ் அமைப்பின் இணையதளத்திலிருந்து தரவிறக்கித் திறந்ததும், கணினியில் நிறுவுவதா, பென் டிரைவில் கொண்டு திரியும் பிரதி ஒன்றை உருவாக்குவதா என்று கேட்கும். பல்கலைக்கழகக் கணினிக்கூடத்திலும் நண்பர் வீட்டிலும் உட்கார வேண்டியிருக்கும் மாணவர்களுக்கு இரண்டாவதைச் சிபாரிசு செய்வேன். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ எந்தக் கணினியிலும் செருகி இயக்கலாம். அந்தக் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் ஐந்து விசைகள் போதும். இன்சர்ட் விசைதான் என்விடிஏ விசை. மடிகணினியில் கேப்ஸ்லாக்கை அப்படி அமைத்துக்கொள்ளலாம். இன்சர்ட்+கீழ் அம்புக்குறி, நிற்கும் இடத்திலிருந்து தொடர்ந்து வாசிக்கும். கன்ட்ரோல், வாயை மூட வைக்கும். இன்சர்ட்+என், மெனு. இன்சர்ட்+கியூ, வெளியேற. இன்சர்ட்+1 அழுத்தினால் பயிற்சி நிலைக்குப் போகும்: அதன் பிறகு எந்த விசையைத் தட்டினாலும் அதன் பெயரை மட்டும் சொல்லும், எதையும் செய்யாது. பெரியம்மா முதல் மூன்று நாளும் இதில்தான் இருந்தார். ஒன்றையும் உடைத்துவிடுவோமோ என்ற பயம் போக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் குரலுக்குத் தமிழ் தெரியும், ஆனால் தகரக் குரல். மென்மையான குரல் வேண்டுமென்றால் விண்டோஸ் அமைப்புகளில் நேரம், மொழி என்ற பகுதிக்குள் பேச்சு என்பதைத் திறந்து, தமிழ்க் குரலைச் சேருங்கள். 'வள்ளுவர்' என்ற குரல் இறங்கும். பிறகு இன்சர்ட்+கன்ட்ரோல்+எஸ் அழுத்தி, 'விண்டோஸ் ஒன்கோர்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். வேடிக்கை என்னவென்றால், நாள்பட்ட பாவனையாளர்கள் பலர் தகரக் குரலுக்கே திரும்புகிறார்கள். எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் சொல் பிசகாமல் கேட்கிறது என்பார்கள்.

எந்தக் குரலும் சில சொற்களில் தடுமாறும். நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். 'பஸ்' என்பதை வல்லோசையோடு வாசிப்பதா மெல்ல வாசிப்பதா என்று இயந்திரம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. சிரித்துவிட்டு மேலே போங்கள்.

தட்டச்சு: விரலால், குரலால், ஒரே ஒரு விசையால்

பாமினியில் வருடக்கணக்காகத் தட்டச்சிட்டவர்களிடம் யூனிக்கோடு பற்றிப் பேசினால் உடனே வரும் பதில், "இனிமேல் புதிய விசைப்பலகை படிக்க எனக்கு நேரமில்லை." காத்தான்குடியில் தட்டச்சுக் கடை வைத்திருக்கும் ஒரு காக்காவும் இதையே சொன்னார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்: பாமினி எழுத்துரு வேறு, பாமினி விசைமுறை வேறு. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களிலும் பாமினி விசைமுறை இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் விரல்கள் பழைய இடத்திலேயே ஓடும். திரையில் விழுவது யூனிக்கோடாக இருக்கும். காக்கா பத்து நிமிடம் தட்டிப் பார்த்தார். "இதை முந்தியே சொல்லியிருக்கலாமே தம்பி" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு, குறிப்பாகப் பார்வையற்ற பிள்ளைகளுக்கு, நான் தமிழ்99 விசைமுறையைச் சொல்வேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியாக வந்தது. உயிரெழுத்துகள் இடது கையில், மெய்கள் பெரும்பாலும் வலது கையில். 247 எழுத்துகளுக்கும் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் என 31 விசைகளை நினைவில் வைத்தால் போதும். 'க' இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகும். எஃப், ஜே விசைகளின் மேல் இருக்கும் சிறு மேட்டை விரல் கண்டுபிடித்துவிட்டால் மற்ற இடங்கள் கண் இல்லாமலே பழகும். ஆங்கில ஒலிவழியில் தட்டும் முறை பார்வையுள்ளவருக்குச் சுலபம்தான். ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று நினைவில் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு அலுப்பு.

கை நடுங்குபவர்களுக்கு விண்டோஸிலேயே வசதி உள்ளது. ஷிஃப்ட் விசையை ஐந்து முறை தட்டினால் 'ஸ்டிக்கி கீஸ்': கன்ட்ரோலையும் சியையும் ஒன்றாக அழுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தலாம். வலது ஷிஃப்டை எட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் 'ஃபில்டர் கீஸ்': விரல் தவறிப் பட்டதையும், ஒரே எழுத்து ஐந்தாறு முறை விழுவதையும் அது பொருட்படுத்தாது. விசைப்பலகையே முடியாது என்றால் விண்டோஸ்+கன்ட்ரோல்+ஓ அழுத்துங்கள், திரையில் ஒரு விசைப்பலகை வரும். அதன் விருப்பங்களில் சுட்டியை எழுத்தின் மேல் சிறிது நேரம் நிறுத்தினாலே தட்டியதாக எடுத்துக்கொள்ளும் முறை இருக்கிறது. இன்னொரு முறையில் கணினியே வரிசை வரிசையாக வெளிச்சம் காட்டிக்கொண்டு போகும். வேண்டிய இடம் வரும்போது ஒரே ஒரு விசையை அழுத்தினால் போதும். மெதுவான வேலைதான். ஒரு விரல் மட்டும் அசையும் ஒருவருக்கு அதுவே முழு விசைப்பலகை.

குரலால் எழுத, போனில் ஜிபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துவிட்டு ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசுங்கள். நீண்ட எழுத்துக்குக் கணினியில் குரோம் உலாவி வழியாகக் கூகுள் டாக்ஸைத் திறந்து, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஸ் அழுத்துங்கள். ஒலிவாங்கிக்கு மேலே உள்ள மொழிப் பட்டியலில் தமிழுக்கு நான்கு நாடுகள் இருக்கும். இலங்கையைத் தெரிவு செய்யுங்கள். நிறுத்தற்குறிகளைப் பிறகு கையால் இட வேண்டியிருக்கும்.

பேசும் விதம் முக்கியம். வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி, எழுதுகிற தமிழில் சொன்னால் பிழை குறையும். வீட்டுப் பேச்சில் சொன்னால் இயந்திரம் தனக்குத் தோன்றியதை எழுதும். பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பத்தைப் பெரியம்மா இப்படித்தான் சொல்லி எழுத வைத்தார். குரல் கரும்பலகை முன் நின்ற காலத்துக்கே போய்விட்டது. வாக்கியம் வாக்கியமாக அழகாக விழுந்துகொண்டிருந்தது. நடுவே என் பக்கம் திரும்பி, "எல்லாம் எழுதுகிறதா மகன்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியும் விண்ணப்பத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, எட்ஜில் வாசித்துக் கேட்டபோது அவரே கண்டுபிடித்தார். குரலால் எழுதியதைக் குரலால் ஒருமுறை கேட்காமல் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

பிரதியெடுப்பதில் இரண்டு சின்ன வசதிகள்

அடிக்கடி எழுதும் முகவரி, அடையாள அட்டை எண் முதலியவற்றைத் திரும்பத் திரும்பத் தட்டத் தேவையில்லை. கணினியில் விண்டோஸ்+வி அழுத்தி, முதல் தடவை 'டர்ன் ஆன்' கொடுங்கள். பிரதி எடுத்த கடைசி 25 துண்டுகளும் அங்கே வரிசையாக இருக்கும். நிரந்தரமாக வேண்டியதைக் குண்டூசிக் குறியால் குத்தி வைக்கலாம். ஜிபோர்ட்டிலும் இதே வசதி உண்டு, ஆனால் குத்தி வைக்காதவை ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும். பொதுக் கணினியில் கடவுச்சொல்லைப் பிரதி எடுத்திருந்தால் எழும்பும் முன் அந்தப் பட்டியலைத் துடைத்துவிடுங்கள்.

இணையப் பக்கத்திலிருந்து எடுத்ததை ஒட்டும்போது நிறமும் பருமனும் சேர்ந்து வந்து தொல்லை கொடுத்தால், கன்ட்ரோல்+ஷிஃப்ட்+வி. எழுத்து மட்டும் வரும்.

கடைக்குக் கொண்டு போகும் முன்

இவ்வளவும் செய்து முடித்த கடிதத்தை அச்செடுக்கப் பென் டிரைவில் கடைக்குக் கொண்டு போகிறீர்கள். அங்கே வேர்ட் கோப்பைத் திறந்ததும், பழக்கத்தில் முழுவதையும் தெரிவு செய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றப் பார்ப்பார்கள். அதனால் வீட்டிலேயே 'சேவ் ஆஸ்' கொடுத்து பிடிஎஃப் ஆக இன்னொரு பிரதி எடுத்து, அதை மட்டும் பென் டிரைவில் போடுங்கள். வேர்ட் கோப்பு வீட்டில் இருக்கட்டும். அடுத்த மாதம் திகதியை மட்டும் மாற்றித் திரும்ப அனுப்ப அதுதான் வேண்டும். பெரியம்மா இரண்டு கோப்புகளுக்கும் ஒரே பெயர் வைத்து, கடைக்குப் போவதன் பெயரின் முன்னால் 'அ' என்று சேர்த்திருக்கிறார். என்விடிஏ பட்டியலை வாசிக்கும்போது அந்த 'அ' கேட்டவுடன் அவர் கை நின்றுவிடும்.